கத்திரியில் ஒரு ஃபஸ் பெட்டி

மே 3, 2025, சனி

வந்துவிட்டது. சித்தி மகன் டல்லாஸிலிருந்து சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான். ராம்ஸ் ஹெட் மஃப், கிட்டார் பெடல். உள்ளங்கையில் அடங்குகிறது. இரவு பதினொன்றுக்குப் பிரித்து, ஃபேனை நிறுத்தி, செருகினேன். சஸ்டெயின் ஒரு மணி. டோன் பத்து மணி. வால்யூம் பாதி. 'கம்ஃபர்டப்ளி நம்ப்', இரண்டாவது சோலோ, முதல் பெண்ட்.

அம்மா கதவைத் தட்டினாள். "இந்நேரத்துல மிக்ஸி போடறியாடி?"

ஆம்ப் ஒன்றரையில் இருக்கிறது. அதற்கு மேல் போனால் கீழ் வீட்டு மாமா. தலைவர் டேவிட் கில்மோர் 100 வாட் ஹைவாட்டில் வாசித்ததை நான் 15 வாட்டில், அதிலும் ஒன்றரையில். காரணம் தெரிகிறது. தெரிந்து என்ன.

முதல் நாள் எல்லாப் பெடலும் இப்படித்தான். நாளைக்கு வேறு மாதிரி இருக்கும்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். நாப் எல்லாம் ராத்திரி வைத்த இடத்திலேயே. சத்தம் வேறு. இன்னும் மோசம். இல்லை, என் காது மோசம்.

மஃப்பை அழுத்தினால் பிக்கப் முனகல் பூதாகாரமாகிறது. ட்யூனரில் பார்த்தேன். ஜி காட்டுகிறது, லேசாக ஏறின ஜி. 50 ஹெர்ட்ஸ். வீட்டுக் கரண்ட் ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, என் பாட்டு பி மைனர். அடுக்களைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் முனகல் பாதியாகிறது. பால்கனியைப் பார்த்தால் ஏறுகிறது. இனிமேல் சுவரைப் பார்த்துத்தான் வாசிப்பு.

வியர்வையில் கம்பி வழுக்குகிறது. இப்போதே துரு வாடை.

24-ஆம் தேதி மேடை. நினைத்தாலே வயிற்றில் ஏதோ செய்கிறது.

மே 6, செவ்வாய்

மெட்ரோவில் வரிசையாகக் கேட்டேன். 1979 ரெக்கார்ட். 1994 எர்ல்ஸ் கோர்ட். 2006 க்டான்ஸ்க். ஒரே ஆள், ஒரே சோலோ, மூன்று சத்தம். ரெக்கார்டில் கறுப்பு ஸ்ட்ராட். எர்ல்ஸ் கோர்ட்டில் சிவப்பு, அதில் இஎம்ஜி பிக்கப். க்டான்ஸ்கில் மறுபடி கறுப்பு.

நான் எதைத் தேடி மஃப் வாங்கினேன்? எர்ல்ஸ் கோர்ட் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். திருமங்கலம் வருவதற்குள் ரெக்கார்ட்தான் என்று ஆகிவிட்டது. இறங்கும்போது எதுவுமே வேண்டாம் போல. பசி.

இடது காதில் மெல்லிய 'ங்' சத்தம். ஹெட்போனைக் குறைக்க வேண்டும்.

மே 7, புதன்

நாள் முழுக்க டிவியில் போர்ச் செய்தி. அம்மா ரிமோட்டைக் கீழே வைக்கவே இல்லை. தப்பித்து வடபழனி ஜாம் ரூமுக்கு ஓடினேன்.

மற்றவர்கள் வருவதற்கு முன் தனியாக வாசித்துப் பார்த்தேன். பெரிய ஆம்ப், வால்யூம் ஆறு. அதேதான். அதே தான்! கை மயிர் எழுந்து நின்றது. விரலை எடுக்க மனசே வரவில்லை.

அப்புறம் டிரம்ஸ், கீபோர்டு. அவ்வளவுதான், ஆளைக் காணோம். மஃப் நடு ஸ்தாயியைக் குடைந்து எடுத்துவிடுகிறது, அந்தப் பள்ளத்தில் கீபோர்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேஸ்காரப் பையன் கேட்கிறான், "அக்கா, சோலோ எப்ப ஆரம்பிக்கறீங்க?" நான் முடித்து விட்டிருந்தேன்.

மஃப்புக்குப் பின்னால் ஏதாவது வைத்து நடுவை ஏற்ற வேண்டும். தலைவர் கலர்சவுண்ட் பவர் பூஸ்ட் வைத்திருந்தார். என்னிடம் காலேஜ் காலத்து ஓவர்டிரைவ் ஒன்று கிடக்கிறது. அதை எடுத்துத் துடைத்தேன். சுவிட்ச் கரகரக்கிறது.

மே 8, வியாழன்

'டைம்' சோலோவுக்கு மஃப் ஆகாது. 1973. மஃப் வந்து ஒட்டிக்கொள்வதற்கு முந்தைய காலம். ஃபஸ் ஃபேஸ், பின்சன் எக்கோரெக். எக்கோரெக்கைப் பற்றி யோசிக்கவே கூடாது. காந்த டிரம் சுற்றும் இத்தாலியப் பெட்டி, என் சம்பளத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை. டிஜிட்டல் டிலே போதும். ஃபஸ் ஃபேஸ் மட்டும் வேண்டும். விலை பார்த்தேன். மூடினேன். திரும்பத் திறந்து பார்த்தேன். அதே விலை.

சாப்பிடும்போது அப்பாவிடம் சும்மா சொன்னேன், உள்ளே இருப்பது ஏசி128 என்று. ரசத்திலிருந்து நிமிர்ந்தார்.

"அது ரேடியோ அவுட்புட் டிரான்சிஸ்டராச்சே. பரண்ல கிடக்குமே."

மே 10, சனி

பரணிலிருந்து பிஸ்கட் டின். சின்ன உலோகக் குப்பிகள், மேலே 'பெல்' எழுத்து பாதி அழிந்திருக்கிறது. அப்பா மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதிக்கு மேல் கசிவு. தேறினதை ஒரு தீப்பெட்டியில் போட்டார். சர்க்யூட்டை வரைந்து கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்.

"நாலு ரெசிஸ்டன்ஸ், மூணு கண்டென்சர், ரெண்டு டிரான்சிஸ்டர், ரெண்டு கன்ட்ரோல். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா 14,000?" கொஞ்ச நேரம் கழித்து, "சத்தம் கிழியாம வரணும்னுதானேம்மா அத்தனை வருஷம் கடை நடத்தினேன். கிழிக்கறதுக்குக் காசா?"

ப்ளஸ்ஸை எர்த் செய்யச் சொல்லும் படத்தைப் பார்த்து அவருக்கு ஆச்சரியமே இல்லை. பழைய செட்டெல்லாம் அப்படித்தானாம். மற்றப் பெடல்களின் அடாப்டரில் இதைச் சேர்க்க முடியாது. தனி பேட்டரி.

ஈயம் வைக்கும்போது டிரான்சிஸ்டர் காலை மூக்குக் குறடால் கவ்விப் பிடிக்கச் சொன்னார். சூடு மேலே ஏறாமல் குறடு குடித்துவிடும், இல்லாவிட்டால் ஜெர்மானியம் செத்துப்போகும். நான் பிடித்துக்கொண்டேன். அவர் கை நடுங்குகிறது. நான் வைக்கிறேனே என்றால் முறைப்பு. ஒரு ஜாயின்ட்டுக்கு இரண்டு மூன்று தடவை. ரோசின் புகை நேராக என் கண்ணில்.

மாலை, சண்டை நிறுத்தமாம். அம்மா டிவியை அணைத்தாள். பெட்டியும் அணைந்துதான் கிடக்கிறது, சத்தமே இல்லை. அப்பா "நாளைக்கு" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எரிச்சல். வாங்கியே தொலைத்திருக்கலாம்.

மே 11, ஞாயிறு

ஐந்தரைக்கு எழுந்தால் அப்பா ஏற்கெனவே மேஜையில். ட்ரை சால்டர் ஒன்றைப் பிடித்துவிட்டார். "இப்ப போடு."

போட்டேன்.

எப்படி எழுத. கிட்டார் வால்யூமை ஏழுக்குக் குறைத்தால் ஃபஸ் ஒதுங்கி, மணி மாதிரி சுத்தம். பத்துக்கு ஏற்றினால் திரும்பி வந்துவிடுகிறது. பெடலைக் காலால் தொடவே வேண்டாம், சுண்டுவிரல் போதும். 'டைம்' முதல் வரி. மறுபடி முதல் வரி. மறுபடி. எஃப் ஷார்ப் மைனரில் இப்படியே இந்த வருஷத்தைக் கழித்துவிடலாம். அப்பாவுக்குக் காபி போட்டேன். சர்க்கரை மறந்துவிட்டேன், அவர் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குப் பேஸ்காரனுக்குக் கேட்கவைக்கலாம் என்று எடுத்தால் துப்புகிறது. நோட் ஆரம்பித்து நடுவிலேயே அறுகிறது. நாப் வைத்த இடத்திலேயே. பேட்டரி புதுசு. கேபிள் மாற்றினேன். அப்பா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், ஜுரம் பார்க்கிற கை.

"சூடு. ஜெர்மானியத்துக்கு ஆகாது. மே மாசம் வந்துட்டா கடையில செட்டு வரிசையா வந்து நிக்கும்."

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. அம்மா கோயிலுக்குப் போனாள், புளியோதரை வைத்துவிட்டு. ஆபீஸில் தலைவலி. ராத்திரி பன்னிரண்டுக்குப் பெட்டி நன்றாகப் பாடியது. யாருக்கு?

மே 13, செவ்வாய்

ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். இருபது நிமிஷம், ப்ளாஸ்டிக் கவரில். எடுத்ததும் காலை ஐந்தரைச் சத்தம் அப்படியே! பத்து நிமிஷம் நின்றது. திரும்ப வைத்தேன். மறந்துபோனேன்.

அம்மா மாவு எடுக்கப் போய்: "ஏண்டி, இதென்ன வெடிகுண்டா? செய்தியில காட்டற மாதிரியே வயர் தொங்குது."

24-ஆம் தேதி ஐஸ் பெட்டியோடு மேடை ஏறுவதா. செய்தாலும் செய்வேன்.

மே 15, வியாழன்

அரை நாள் லீவு. ரிச்சி தெரு. பிசி108, உலோகத் தொப்பி போட்டது. கடைக்காரர் முதலில் "547 வாங்கிக்கோங்க மேடம், இதெல்லாம் யார் கேக்கறா" என்றார். பிறகு எங்கிருந்தோ எடுத்துத் தந்தார். 'டார்க் சைட்' சமயத்தில் தலைவரே சிலிக்கனுக்கு மாறியாகிவிட்டது, பிசி108 போட்ட ஃபஸ் ஃபேஸ்தான். அப்படியிருக்க நான் ஏன் ஜெர்மானியத்துக்கு மாரடிக்கிறேன்.

அப்பா ராத்திரியே இரண்டாவது பெட்டியை முடித்துவிட்டார். இது என்பிஎன், மைனஸ்தான் எர்த், கண்டென்சர் கால்களைத் திருப்பிப் போட வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே திருப்பியிருந்தார்.

சத்தம் கூர்மை. வெயிலுக்கு அசையாது. ஆனால் உச்சியில் ஒரு கீச்சு.

"கீச்சுன்னு இருக்கேப்பா."

"எங்க?"

மறுபடி வாசித்தேன். "இங்க. இதோ."

"நல்லாத்தாம்மா இருக்கு. வழவழன்னு."

காது டாக்டர் போன வருஷமே சொன்னார், மேல் ஸ்தாயி போய்விட்டது என்று. அப்பாவுக்கு எந்த ஃபஸ்ஸைக் கேட்டாலும் தலைவர் சத்தம்தான் போலிருக்கிறது. பொறாமையாக இருக்கிறது.

மே 16, வெள்ளி

சிலிக்கன் பிடிக்கவில்லை. திரும்பப் பிடிக்கிறது. டோனைக் கிட்டாரிலேயே குறைத்தால் கீச்சு போகிறது, கூடவே உயிரும் கொஞ்சம். இடது நடுவிரல் நுனி வெடித்திருக்கிறது. பத்து செட்டுக்கு மாறினதிலிருந்து. 10-48, தலைவர் செட். இவ்வளவு விசுவாசம் தேவையா.

மே 17, சனி

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

ராத்திரி பத்தரை. சிலிக்கன் பெட்டி, ஃபஸ் முழுசு. கிட்டார் வால்யூம் பாதியில். கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். ஆம்ப்பில் ஒரு பெண் பேசுகிறாள். பயந்துபோய் பிளக்கைப் பார்த்தேன். பேசிக்கொண்டே இருக்கிறாள். என்ன பாஷை என்று பிடிபடவில்லை. பின்னால் புல்லாங்குழல்.

"அப்பா!"

லுங்கியை முடிந்துகொண்டே வந்தார். அரை நிமிஷம் நின்றார். முகம் மாறிவிட்டது.

"மீடியம் வேவ்."

என் கேபிள் ஆன்டெனாவாகிவிட்டதாம். டிரான்சிஸ்டரே டிடெக்டர். ஃபஸ் என்றால் சிக்னலை ஒரு பக்கம் நசுக்குவதுதானே, ரேடியோவும் உள்ளே அதையேதான் செய்யும், என்றார். கட்டில் ஓரம் உட்கார்ந்து கேபிளைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பினார். குரல் மங்கியது. இன்னும் திருப்பினார். நாகஸ்வரம், உடனே இரைச்சல். "இரு, இரு, விட்றாதே." நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விட. அம்மாவும் எழுந்து வந்தாள். மூன்று பேரும் ஒரு கிட்டார் கேபிளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கீழ் வீட்டு மாமா நினைவே வரவில்லை.

கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 47 பிகோ ஃபேரட் ஒன்று வைத்தால் நின்றுவிடும். டின்னில் இருக்கிறது. "நாளைக்கு வைக்கலாம்" என்றார்.

மே 18, ஞாயிறு

வைக்கவில்லை. நியூஸ்பேப்பரையே புரட்டிக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை. சாயங்காலம் ஜாம் ரூமில் 'டைம்' நடுவே யாரோ சொற்பொழிவு ஆற்ற, டிரம்மர் சிரித்துச் சிரித்துக் கட்டையைப் போட்டுவிட்டான். ராத்திரி வந்து நானே வைத்தேன். ரேடியோ நின்றது. கீச்சும் கொஞ்சம் நின்றது. நல்லதுதான்.

இன்னொன்று. ட்யூனர் பெடல் ஃபஸ்ஸுக்கு முன்னால் இருந்ததால்தான் இத்தனை கூர்மை, அதில் பஃபர் இருக்கிறது. ஃபஸ் ஃபேஸ் நேரே பிக்கப்போடு ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் யாரும் நிற்கக் கூடாது. மாற்றியதும் கிட்டார் வால்யூமுக்கு மறுபடி அடங்குகிறது.

மே 20, செவ்வாய்

எதுவும் சரியில்லை. கம்ப்ரெஸரை எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தேன். டிலே 440 மில்லிசெகண்ட், 420, மறுபடி 440. நாப் வைத்த இடத்திலேயே. நேற்று நன்றாயிருந்தது, இன்று சாம்பார் கரண்டியால் வாசிப்பதுபோல.

பாடுகிறவன் போன் செய்து ஒரு மணி நேரம் லைட்டிங் பற்றிப் பேசினான். காதில் 'ங்'. அதுவும் ஜி-யா என்று ட்யூனரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இல்லை. மேலே.

விரலில் சூப்பர் க்ளூ.

மே 22, வியாழன்

கறுப்பு ஸ்ட்ராட்டை 2019-இல் ஏலத்தில் எடுத்தாரே, ஜிம் இர்சே, நேற்று காலமாகிவிட்டாராம். 39,75,000 டாலர். தலைவர் அந்தப் பணத்தை அப்படியே சுற்றுச்சூழல் வழக்கறிஞர்களுக்குக் கொடுத்தார். இர்சே அதைப் பெட்டியில் பூட்டவில்லை, மேடைகளுக்கு அனுப்பி வாசிக்கவைத்தார். இனி யாரிடம் போகுமோ. மத்தியானம் முழுக்க அந்தக் கிட்டாரையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் தப்பு வரிசையில் நம்பர் போட்டு, திரும்பப் போட்டேன்.

அப்பாவிடம் விலையைச் சொன்னேன். "உள்ள என்ன டிரான்சிஸ்டர்?" "ஒண்ணும் கிடையாதுப்பா. காயில், கம்பி, கட்டை." தலையை ஆட்டிக்கொண்டார்.

இன்று வரிசை: சிலிக்கன், கம்ப்ரெஸர், மஃப், ஓவர்டிரைவ், டிலே. இனி தொட மாட்டேன்.

மே 23, வெள்ளி

கம்ப்ரெஸரை எடுத்துவிட்டேன்.

மே 24, சனி

இப்போது மணி ஒன்று. உடம்பெல்லாம் உப்பு.

ஈசிஆர் கஃபே. ஏழு மணிக்கு மேல் கடல் காற்று. பையில் இரண்டு பெட்டியும் இருந்தது. கடைசி நிமிஷத்தில் சிலிக்கனைக் கழற்றி ஜெர்மானியத்தைச் செருகினேன். ஏன் என்று கேட்காதே. டிரம்மர் கேட்டான். காற்று குளிர்ச்சி என்றேன். குளிர்ச்சியெல்லாம் இல்லை, வெறும் காற்று.

'டைம்' பாடியது. துப்பவில்லை. ஒரே ஒரு இடத்தில் தொண்டையைச் செருமியது.

அப்புறம் முதலாளி வந்து, கஸ்டமர் பேச முடியவில்லை, சவுண்டைக் குறையுங்கள் என்றார். ஆம்ப்பை நாலிலிருந்து மூன்றுக்கு. இரண்டாவது சோலோவுக்கு ஒரு பாட்டு பாக்கி. முதலாளி கிச்சன் பக்கம் போனார். ஐந்துக்கு வைத்தேன்.

முதல் பெண்ட். ஆம்ப்புக்கு முதுகைக் காட்டாமல், திரும்பி, ஒரு அடி நெருங்கி நின்றேன். நோட் தேயவில்லை. தேய வேண்டிய இடத்தில் ஏறியது, ஏறி மேல் ஆக்டேவாக மாறியது. ஆம்ப்பும் கிட்டாரும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டு தாங்களே வாசிக்கின்றன, நான் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கிறேன். ஐந்து நொடி இருக்குமா. டிரம்மர் வேகமெடுத்துவிட்டான், பின்னால் ஓட வேண்டியதாயிற்று. மீதி சோலோவில் பாதி தப்பு.

காரில் வரும்போது அப்பா: "ரெண்டாவது பாட்டுல நம்ம பெட்டி இல்லியா?"

"இல்லப்பா. அதுக்கு மஃப்."

ஒன்றும் சொல்லவில்லை. உத்தண்டி தாண்டியதும், "நம்மதுதான் நல்லா இருந்துது."

மே 25, ஞாயிறு

எழுந்தது பத்தரைக்கு. பேஸ்காரன் போனில் எடுத்ததை அனுப்பியிருந்தான். கிட்டார் கேட்கவில்லை, பக்கத்து மேஜையில் யாரோ ஃப்ரைஸ் கேட்பது தெளிவாகக் கேட்கிறது. அந்த ஐந்து நொடி மட்டும் இருக்கிறது. இருக்கிறது, ஆனால் நடுவே அந்த நீர்ச்சுழல் இல்லை. எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ். ஃப்ளாஞ்சர். அது இல்லாமல் இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தேன். சம்பளம் 30-ஆம் தேதி.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ரெக்கார்டில் சுழல்வது அவருக்கும் கேட்கிறது. "எத்தனை டிரான்சிஸ்டர்?"

"ஐசிப்பா."

"ஓ. ஐசியா." பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் தானாக வந்தார். "அந்த ஐசி பேர் என்ன?"

"எஸ்ஏடி1024." காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். நிறுத்தி எத்தனையோ வருஷமாகிவிட்டது, கிடைக்காது என்றேன்.

"ரிச்சி தெருவுல கேக்காம சொல்லாதே."